விளையாட்டுக்கு ஒரு வெள்ளோட்டம்

போன மே மாத விடுமுறையில் நான் ஒரு விளையாட்டு தயாரித்தேன். பெயர் ‘ஆவடி லோக்கல்’. ஒரு சார்ட் பேப்பர், நான்கு நிறத்தில் நான்கு சட்டைப் பொத்தான்கள், என் அம்மாவின் பழைய பித்தளைத் தாயக்கட்டை. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

சார்ட்டில் ஒரு தண்டவாளம் வரைந்தேன். அதில் 13 நிலையங்கள்: ஆவடி, அன்னனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் லோகோ, பெரம்பூர் கேரேஜ், பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல். மூன்று பெரம்பூரும் வந்தபோது காகிதத்தில் இடம் குறைந்துவிட்டது. ஓரமாக நெருக்கி எழுதிவிட்டேன்.

விதி எளிதானது. தாயம் விழுந்தால் டிக்கெட். டிக்கெட் கிடைத்தவர் ஆவடியில் ரயிலேறலாம். அதன்பிறகு எவ்வளவு விழுகிறதோ அத்தனை நிலையம் நகர வேண்டும். யார் முதலில் சென்ட்ரலைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. இரண்டு இரவு கண்விழித்துச் செய்தேன். என்னைப் பொறுத்தவரை அதில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு மாலை, திருமுல்லைவாயலில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. என் அக்காவின் பிள்ளைகள் இருவர், மாடிவீட்டுப் பையன் ஒருவன், எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி, ஆக நால்வர் உட்கார்ந்தார்கள். மாடிவீட்டுப் பையனுக்கு இரண்டாவது சுற்றிலேயே தாயம் விழுந்தது. தாயம் போட்டால் இன்னொரு முறை எறியலாம் அல்லவா? எறிந்தான். பன்னிரண்டு! ஆவடியிலிருந்து பன்னிரண்டு நிலையம் தள்ளி என்ன இருக்கிறது? சென்ட்ரல். ஒரே தாவலில் போய் இறங்கிவிட்டான். மற்ற மூவரும் டிக்கெட்கூட வாங்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள் எதிர்வீட்டுச் சிறுமி.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்னும் நாலு ஆட்டம் ஆடச் சொன்னேன். பிறகு, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு ஆன்ட்டி.”

“சூப்பர்.”

“பரவால்ல சித்தி.”

மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் மட்டும் உண்மையைச் சொன்னான்: “மொக்கை!”

நான்கு பேர், நான்கு பதில்கள். ஆனால் வீட்டுக்குள் போய் எதைத் திருத்துவது என்று யோசித்தால், ஒரு பதிலும் உதவவில்லை. ‘சூப்பர்’ என்பதை வைத்து ஒரு கோட்டைக்கூட மாற்றி வரைய முடியாது. ‘மொக்கை’ என்பதை வைத்தும் முடியாது.

தேர் ஏன் காலியாக ஓடுகிறது?

கோயிலுக்குப் புதிதாகத் தேர் செய்தால், திருவிழா அன்றைக்கே சாமியை ஏற்றி இழுத்துவிட மாட்டார்கள். அதற்கு முன்பே ஒருநாள் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு சரியாகச் சுழல்கிறதா, முனை திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மின்கம்பியில் உரசுகிறது என்று கவனிப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர்.

விளையாட்டுகளுக்கும் வெள்ளோட்டம் உண்டு. கடைக்கு வருகிற எந்த நல்ல பலகை விளையாட்டும், கைபேசி விளையாட்டும், பலர் ஆடிப் பார்த்து, தயாரித்தவர் பலமுறை திருத்திய பிறகே வருகிறது. அப்படி ஆடிப் பார்ப்பதைப் பெரிய நிறுவனங்களில் ஒரு வேலையாகவே செய்கிறார்கள்.

தேர் வெள்ளோட்டத்தில் யாராவது “தேர் சூப்பர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தச்சருக்கு என்ன பயன்? “கிழக்கு முனையில் திரும்பும்போது பின்சக்கரம் ஒரு சாண் தூக்கியது” என்றால் அவர் உடனே உளியைக் கையில் எடுப்பார். என்ன நடந்தது, எங்கே நடந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

வாயை மூடு, நோட்டைத் திற

அடுத்த ஞாயிறு மறுபடி நால்வரையும் கூப்பிட்டேன். இம்முறை எனக்கு நானே இரண்டு கட்டளை போட்டுக்கொண்டேன்.

முதல் கட்டளை: பேசக் கூடாது. விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டும். ஏன் தெரியுமா? கடையில் வாங்கும் விளையாட்டுப் பெட்டிக்குள், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல அதைத் தயாரித்தவர் உட்கார்ந்திருக்க மாட்டார். பிள்ளைகள் ஒரு விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டால், அது அவர்கள் தப்பல்ல. நான் எழுதிய வாக்கியத்தின் தப்பு.

இரண்டாவது கட்டளை: நடப்பதை எழுத வேண்டும். அன்றைக்கு என் நோட்டில் இருந்தது இது: “அக்கா மகன், 6 எறிதல், தாயம் இல்லை. 9 எறிதல், தாயம் இல்லை, தரையில் படுத்துவிட்டான். 11 எறிதல், தாயம் இல்லை, காக்காய்க்குப் பொரி போடப் போய்விட்டான்.”

பார்த்தீர்களா? ‘மொக்கை’ எங்கே இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவன் விளையாட்டை ஆடி, பிடிக்காமல் போகவில்லை. விளையாட்டுக்குள் நுழையவே இல்லை.

தாயம் ஏன் தாமதிக்கிறது?

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. தாயக்கட்டையை எடுத்துப் பாருங்கள். நீளமான கட்டை, நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இப்படி இரண்டு கட்டைகள். முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதமாக விழலாம். ஆக மொத்தம் 16 விதம்.

தாயம் என்றால் ஒன்று. ஒரு கட்டையில் ஒன்றும் இன்னொன்றில் வெறுமையும் விழ வேண்டும். அது 16-ல் 2 விதமாக மட்டுமே நடக்கும். அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்று விழ 4 விதம் உண்டு. அதனால்தான் மூன்று அடிக்கடி விழுகிறது. ஆறு விழ ஒரே விதம், இரண்டு கட்டையிலும் மூன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் எங்கள் வீட்டுக் கணக்கில் பன்னிரண்டு. அதற்கும் ஒரே விதம்தான். (ஊருக்கு ஊர் தாய விதிகள் மாறும். உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.)

எட்டில் ஒரு வாய்ப்பு என்றால், தாயம் விழச் சராசரியாக 8 எறிதல் ஆகும். ‘சராசரி’ என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். எட்டாவது எறிதலில் கட்டாயம் விழும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. ஒருமுறை விழாமல் போக எட்டில் ஏழு வாய்ப்பு. தொடர்ந்து எட்டு முறை விழாமல் போக, எட்டில் ஏழை எட்டுத் தடவை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.34. அதாவது 100 பிள்ளைகள் ஆடினால், எட்டு முறை எறிந்த பிறகும் 34 பேர் டிக்கெட் இல்லாமல் நடைமேடையில் நிற்பார்கள்!

இன்னொன்றும் பாருங்கள். பதினாறு விதங்களில் விழுவதையெல்லாம் கூட்டினால் 60. அதை 16-ஆல் வகுத்தால் ஓர் எறிதலுக்குச் சராசரி 3.75 நிலையம். சென்ட்ரலுக்கு 12 நிலையம்தான். மூன்று நான்கு எறிதலில் போய்விடலாம். ஏறுவதற்கு எட்டு, போவதற்கு நான்கு! பயணத்தைவிடக் காத்திருப்பு நீளமான ஒரு ரயிலை நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாடிவீட்டுப் பையனின் பன்னிரண்டு? ரயிலேறிய ஒருவருக்கு முதல் எறிதலில் பன்னிரண்டு விழ 16-ல் ஒரு வாய்ப்புதான். அபூர்வம் என்று தோன்றும். ஆனால் ஆடுவது நால்வர். நால்வரும் ரயிலேறினால், அவர்களில் ஒருவருக்காவது அது நடக்க 100-க்கு ஏறத்தாழ 23 வாய்ப்பு. நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை இந்த விபத்து நடக்கும். ஒருவருக்கு அபூர்வமாக நடப்பது, பலர் கூடும் இடத்தில் சாதாரணமாகிவிடும்.

டாக்டரிடம் சொல்வது போல

ஆட்டம் முடிந்ததும் அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான்: “சித்தி, எனக்கு மட்டும் ரெண்டு தாயம் முன்னாடியே குடுத்துடுங்க.”

சிரிப்பு வந்தது. ஆனால் தள்ளிவிடவில்லை. டாக்டரிடம் போனால் நாம் என்ன சொல்கிறோம்? “நேத்து ராத்திரி சாப்பிட்டதிலிருந்து வலது பக்கம் வலிக்குது” என்கிறோம். எங்கே, எப்போது, எப்படி என்பது நாம் சொல்ல வேண்டியது. எந்த மாத்திரை என்பது அவர் யோசிக்க வேண்டியது. ஆடிப் பார்ப்பவரும் அப்படித்தான். அவர் சொல்லும் மருந்து தப்பாக இருக்கலாம். ஆனால் அவருடைய வலி தப்பாக இருக்காது. ‘ரெண்டு தாயம் குடு’ என்ற யோசனைக்குள் ‘ரொம்ப நேரம் நின்னேன்’ என்ற வலி இருந்தது.

நான் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, துணி எடுக்க மாடிக்கு வந்த அம்மா குறுக்கிட்டாள். “ஏன்டி, தாயம் விழணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதுதானே விளையாட்டே! உடனே விழுந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?”

அதுவும் உண்மைதான். அந்தக் காலத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் தூங்கக் கூடாது என்று பரமபதமும் தாயமும் ஆடினார்கள். விடியும்வரை ஓட வேண்டிய ஆட்டத்துக்குச் சீக்கிரம் முடிவதுதான் குறை. சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களுக்குத் தாயம் தாமதிப்பது ஒரு பொருட்டே அல்ல. என் ஆட்டமோ, வீட்டுப்பாடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே அரைமணி நேரம் கிடைக்கிற பிள்ளைகளுக்கு. ஆக இரண்டு கருத்துகள் மோதினால் ‘யார் சொல்வது சரி?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘இந்த விளையாட்டு யாருக்கு?’ என்று கேட்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

அடுத்த வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஐந்து விழுந்தாலும் டிக்கெட் என்று மாற்றினேன். சென்ட்ரல் போய் ஆவடிக்குத் திரும்பி வர வேண்டும் என்று தூரத்தை இரட்டிப்பாக்கினேன். நடுவே சிவப்பு சிக்னல் கட்டங்களும் வைத்தேன். பிள்ளைகள் உற்சாகமாக ஆடினார்கள். ஆனால் எந்த மாற்றத்தால் உற்சாகம் வந்தது? எனக்குத் தெரியவில்லை! மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேனே.

அறிவியல் ஆசிரியர் பள்ளியில் சொல்லியிருப்பார்: இரண்டு தொட்டிச் செடிகளில் ஒன்றுக்கு மட்டும் உரம் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், வெயிலும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விளையாட்டுக்கும் அதே சட்டம்தான்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் சிக்னல் கட்டங்கள் வீண் என்று தெரிந்தது. தூக்கிவிட்டேன். திரும்பி வரும் பயணம் நன்றாக இருந்தது. பன்னிரண்டு போட்டவர் இப்போது பாதி வழிதான் போக முடியும். ஐந்துக்கும் டிக்கெட் கொடுத்தால் நாலில் ஒரு வாய்ப்பு. அப்போதும் 100-ல் 10 பேர் எட்டு எறிதலுக்கு நிற்பார்கள். கடைசியில் வேறு விதி வைத்தேன்: மூன்று முறை எறிந்தும் தாயம் விழாதவர் நான்காவது முறை சீசன் டிக்கெட்டில் ஏறலாம். ஆனால் அசல் தாயம் போட்டவருக்கு மட்டும் இன்னோர் எறிதல் உண்டு. அம்மாவின் வேண்டுதலுக்கும் இடம் இருந்தது, அக்கா மகனும் காக்காயிடம் போகவில்லை.

பெரிய விளையாட்டுகளின் வெள்ளோட்டம்

ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஏன் ஐந்து புலி இல்லை? ஏன் எட்டு ஆடு இல்லை? எட்டு ஆட்டோடு ஆடிப் பாருங்கள், தெரியும். நேபாளத்தில் ‘பாக்சால்’ என்று இதன் உறவுக்கார விளையாட்டு ஒன்று உண்டு. பலகை வேறு. அங்கே புலி நான்கு, ஆடு இருபது. பலகை மாறினால் எண்ணிக்கையும் மாற வேண்டும். நம் விளையாட்டைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. திண்ணைகளிலும் கோயில் கல்தரைகளிலும் தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களே அதற்கு வெள்ளோட்டம் விட்டவர்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய ‘கிரீடா’ நிறுவனம் இத்தகைய பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்து இன்றைய பிள்ளைகளுக்காகப் பெட்டியில் தருகிறது.

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1930-களில் வேலை இழந்து வீட்டில் இருந்தபோது, எழுத்துக் கட்டைகளால் சொல் கட்டும் விளையாட்டைச் செய்தார். அதுதான் பின்னாளில் ‘ஸ்கிராபிள்’ ஆனது. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டை வைப்பது? செய்தித்தாளின் முதல் பக்கத்தை எடுத்து எழுத்துகளை எண்ணினார். ஆங்கிலத்தில் ‘எஸ்’ சேர்த்தால் ஒருமை பன்மையாகிவிடும். அது ஆட்டத்தை மிக எளிதாக்கிவிடும் என்று நான்கு கட்டை மட்டும் வைத்தார். தமிழில் நீங்கள் செய்தால் ‘கள்’ கட்டை எத்தனை வைப்பீர்கள்? வைக்கலாமா, கூடாதா? ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

எத்தனை பேர் ஆடிப் பார்த்தால் போதும்? கணினித் திரைகளைச் சோதிக்கும் யாக்கோப் நீல்சன் என்ற ஆய்வாளர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடித்தால், இரண்டாமவர் புதிதாகக் கொஞ்சம், மூன்றாமவர் இன்னும் கொஞ்சம் கண்டுபிடிப்பார். ஐந்து பேர் பார்த்ததும் ஏறத்தாழ 85 சதவீதம் வெளியே வந்துவிடும். ஆகவே ஐம்பது பேரிடம் ஒரே நாளில் காட்டுவதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் காட்டுவது மேல்.

அந்த ஐந்து பேர் யார் என்பதும் முக்கியம். பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவர் அந்த ஐவரில் இருந்தால்? பார்வையற்றோர் ஆடும் சதுரங்கப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காய் நழுவாமல் குத்தி நிறுத்துவதற்கு. ஒரு நிறத்துக் காய்களின் தலையில் மட்டும் சிறு முனை. விரலே கண்ணாகிவிடும். என் சார்ட் பேப்பரை அப்படி ஒருவரிடம் கொடுத்திருந்தால், அது அவருக்கு வெறும் வழவழப்பான தாள். ஆனால் தாயக்கட்டையில் புள்ளிகள் குழியாகப் பொறிக்கப்பட்டிருப்பதால் தடவியே எண்ணிவிடலாம். நாம் கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தாலும் அவர் அனுபவம் கிடைக்காது. அவரிடமே கேட்க வேண்டும்.

இதே வெள்ளோட்ட வேலை ஆவடியில் பிரம்மாண்டமாக நடக்கிறது. அங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்ததுதான் அர்ஜுன் டாங்கி. செய்தவர்கள் பொறியாளர்கள், ஓட்டப்போவது படைவீரர்கள். ராஜஸ்தான் பாலைவன மணலில் வீரர்கள் ஓட்டியும் சுட்டும் பார்த்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்களுடன் உருவான அதன் புதிய வடிவம் 2021 பிப்ரவரியில் சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

செய்து பாருங்கள்

தாயக்கட்டையை 160 முறை எறிந்து குறித்துக்கொள்ளுங்கள். தாயம் 20 முறைக்கு அருகில் விழுகிறதா? வெகுவாக விலகினால், மறுபடி 160 முறை எறியுங்கள். அப்போதும் அப்படியே என்றால் உங்கள் கட்டை ஒரு பக்கம் கனமாக இருக்கலாம்.

நண்பர் செய்த விளையாட்டை ஆடினால் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்த இடத்தில் குஷியாக இருந்தது, எந்த இடத்தில் புரியவில்லை, எந்த இடத்தில் வேறு எங்கோ பார்க்கத் தோன்றியது. விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள், நண்பரைப் பற்றி வேண்டாம். நீங்களே தயாரிப்பவர் என்றால், “அது அப்படியில்லை, நீ தப்பா ஆடற” என்று சொல்ல நாக்கு துடிக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுங்கள்.

ஐந்தாவது ஞாயிறு. ஆட்டம் முடிந்ததும் நான் ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்கவில்லை. நோட்டோடு காத்திருந்தேன். அக்கா மகன் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சித்தி, பெரம்பூர் லோகோவுல ரெண்டு பொத்தான் வந்தா ஒண்ணு கேரேஜுக்குள்ள போயிடுது. நான் எங்க நிக்கறேன்னு எனக்கே தெரியல.”

என்ன, எங்கே, எப்போது. எல்லாம் இருந்தது. நான் புது சார்ட் பேப்பரை விரித்து, ஸ்கேலை எடுத்தேன். இந்தத் தடவை பெரம்பூரிலிருந்து தொடங்கினேன்.